அக்கா கல்யாண டிவிடி ஓட மாட்டேன் என்கிறதா?

என் அம்மாவுக்கு ரிமோட்டில் இரண்டு பொத்தான்கள் தெரியும். ஒன்று ஓட்டுவது, மற்றொன்று நிறுத்துவது. பென் டிரைவ், வாட்ஸ்அப் இணைப்பு எதுவும் அவரிடம் செல்லாது. "டிஸ்க்காகக் கொடு, நானே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அதனால் அக்கா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட்டை டிவிடியாக்க உட்கார்ந்தேன். சரியான ஒன்று கைக்கு வருவதற்குள் ஏழு டிஸ்க்குகள் வீணாயின. அவற்றில் ஐந்தில் டிஸ்க் மீதும் குற்றமில்லை, அதில் பதியும் கருவியான ரைட்டர் மீதும் குற்றமில்லை. பதிவதற்கு முன்பே தவறு நடந்திருந்தது.

வீட்டு வீடியோ ஒன்று டிவிடியாக நான்கு படிகள் உண்டு. கேசட்டிலிருந்தோ கேமராவிலிருந்தோ கணினிக்கு இறக்குவது முதல் படி. அதை டிவிடிக்கு உரிய எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றுவது இரண்டாவது. மெனு, அத்தியாயங்கள் சேர்த்து டிவிடியின் கோப்பு அமைப்பை உருவாக்குவது மூன்றாவது. டிஸ்க்கில் பதிவது நான்காவது. லேசர் வேலை செய்வது அதில் மட்டும்தான். ஆனால் எது கெட்டாலும் நாம் உடனே குறை சொல்வது அந்த நான்காவதைத்தான். கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

கணினியில் ஓடுகிறது, டிவிடி பிளேயரில் "டிஸ்க் எரர்" என்கிறது

டிஸ்க்கைக் கணினியில் போட்டு, ஓட்டாமல் திறந்து மட்டும் பாருங்கள். உள்ளே என்ன தெரிகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு பெரிய கோப்பு தெரிந்தால், முழு டிவிடியையும் ஒரே கோப்பாக அடக்கிய பிம்பக் கோப்பைப் பிரித்துப் பதியாமல் அப்படியே நகலெடுத்துவிட்டீர்கள். உறையைப் பிரிக்காமல் கடிதத்தைப் படிக்கச் சொல்வது போல. இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் "பிம்பக் கோப்பை டிஸ்க்கில் எழுது" என்ற பொருளில் வரும் முதல் தேர்வைப் பயன்படுத்த வேண்டும். விண்டோஸிலேயே அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்கினால் டிஸ்க் பிம்பத்தைப் பதியும் வசதி வரும்.

எம்பி4, எம்கேவி கோப்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது டேட்டா டிஸ்க், சினிமா டிவிடி அல்ல. கணினி எதையும் ஓட்டிவிடும். பழைய பிளேயருக்குத் தெரிந்த உணவு எம்பெக்-2 மட்டுமே. டிவிடிஸ்டைலர், டிவிடி ஃப்ளிக் போன்ற இலவச மென்பொருள் ஒன்றின் வழியாகப் போயே ஆகவேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் இதற்கென்றே ஒரு டிவிடி மேக்கர் இருந்தது. விண்டோஸ் 8 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். "முன்பு சும்மா வந்ததே" என்று தேடுகிறவர்கள் தேடுவது அதைத்தான்.

'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை தெரிகிறது, அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என்று முடியும் கோப்புகளும் இருக்கின்றன, ஆனாலும் பிளேயர் மறுக்கிறது என்றால்தான் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. முதலில், அந்தக் கோப்புறை டிஸ்க்கைத் திறந்தவுடன் தெரிகிறதா, இல்லை 'கல்யாணம்' என்ற வேறொரு கோப்புறைக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேயர் வாசலில்தான் தேடும், கொல்லைக்குப் போகாது. அடுத்து, வெற்று டிஸ்க்கைப் போட்டபோது விண்டோஸ் கேட்ட கேள்வியை நினைவுபடுத்திப் பாருங்கள். பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயரில் ஓட்டவா என்று அது கேட்கும். முன்னதைத் தேர்ந்தால் வேறொரு கோப்பு முறையில் டிஸ்க் அமையும், வீட்டு பிளேயருக்கு அது புரியாது. எப்போதும் இரண்டாவதைத் தேருங்கள்.

மூன்றாவது காரணம், டிஸ்க் இறுதி செய்யப்படாதது. கணினி மென்பொருள்கள் பெரும்பாலும் தாமாகவே முடித்து வைக்கும். தொலைக்காட்சியோடு இணைக்கும் தனி டிவிடி ரெக்கார்டர்தான் மெனுவில் போய் 'ஃபைனலைஸ்' என்று சொல்லும்வரை காத்திருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். பதிந்த அதே ரெக்கார்டரில் திரும்பப் போட்டு இறுதி செய்தால் உயிர் பெற்றுவிடும்.

கடைசியாக பிளஸ், மைனஸ் சங்கதி, அதாவது வெற்று டிஸ்க்கின் இரு வகைகள். டிவிடி மைனஸ் ஆர் 1997-இல் வந்தது, பிளஸ் ஆர் 2002-இல். அதற்கு முந்தைய பிளேயர்களில் சில, பிளஸ் ஆரைத் தெரியாத விருந்தாளி போல நடத்தும். பிளஸ் ஆருக்கு ஒரு சலுகை உண்டு. ரைட்டர் இடம் கொடுத்தால், "நான் கடையில் அச்சான டிவிடிதான்" என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளும்படி பதியலாம். இம்ஜ்பர்னில் 'புக் டைப்' என்ற பெயரில் இருக்கும். மைனஸ் ஆரில் இந்த வேஷம் போட முடியாது.

பதிவே தொடங்கவில்லை, தயாரிப்பில் நின்றுவிடுகிறது

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இது அதிகம் நேரும். 'அக்கா கல்யாணம்' என்று தமிழிலேயே கோப்புறைக்குப் பெயரிட்டிருப்போம். பழைய டிவிடி தயாரிப்பு மென்பொருள்களில் பல யூனிகோடு அறியாதவை. தமிழ் எழுத்துகள் அவற்றுக்கு வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும், கோப்பே இல்லை என்று சாதிக்கும். கோப்பின் பெயர், அது இருக்கும் கோப்புறை, விண்டோஸ் பயனர் பெயர் மூன்றும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தாய்மொழிப் பற்றை மெனுவில் காட்டலாம் என்றால் அங்கும் வம்புதான். ஒற்றைக் கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போய் நிற்கும், 'கொ' உடைந்து மூன்றாகச் சிதறும். தலைப்பைப் படத் தொகுப்பு மென்பொருளில் ஒரு படமாகச் செய்து, அதையே மெனுவின் பின்னணியாக வைத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் இடப் பற்றாக்குறை. மாற்றிய வீடியோ 4.4 ஜிபி, அதிலிருந்து உருவாகும் டிவிடி கோப்புகள் 4.4, பிம்பக் கோப்பு இன்னொரு 4.4. சி டிரைவில் 15 ஜிபியாவது காலி இல்லாவிட்டால் 90 சதவீதத்தில் வந்து நிற்கும். சரியாக 4 ஜிபியில் நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் சேமிக்கும் பென் டிரைவோ பழைய ஹார்டு டிஸ்க்கோ ஃபாட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கிறதே, 4.5 ஜிபி கோப்பு ஏன் கொள்ளவில்லை என்றும் கேட்பார்கள். டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. விண்டோஸ் கணக்கில் அந்த டிஸ்க் ஏறக்குறைய 4.38 ஜிபிதான்.

பாதியில் பிழை காட்டி டிஸ்க் வீணாகிறது

மடிக்கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கும் மெல்லிய ரைட்டர் என்றால், முதல் சந்தேகம் மின்சாரம். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க்கைச் சுழற்றி லேசரையும் கொளுத்தும்போது அது போதாமல் போகிறது. படிக்கும்போது நன்றாக இருக்கும், பதியும்போது மட்டும் தொண்டை அடைக்கும். நடுவில் ஹப் இருந்தால் கழற்றிவிட்டு, கணினியின் துளையிலேயே செருகுங்கள். இரட்டை முனைக் கம்பி வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

"பவர் கேலிபரேஷன்" என்று பிழை வந்தால் அது வீட்டு மின்சாரத்தைப் பற்றியதல்ல. பதிவதற்கு முன் ரைட்டர் டிஸ்க்கின் உள்விளிம்பில் லேசரின் பலத்தைச் சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனையில் தோற்றதைத்தான் சொல்கிறது. வேறு நிறுவன டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். எல்லா டிஸ்க்கிலும் அதே பிழை என்றால் லென்ஸில் தூசி அல்லது லேசருக்கு வயதாகிவிட்டது. இப்போது புதிய ரைட்டர் வாங்குவதுதான் மலிவு.

வேகத்தைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, குறையக் குறைய நல்லது என்று. முழுதும் உண்மையில்லை. 16 எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு) டிஸ்க்கில் பதிவு விழும் சாயம் வேகப் பதிவுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. அதை மிக மெதுவாகக் கொளுத்துவதால் தரம் கூடிவிடாது. முழு வேகமும் வேண்டாம். நான் 8 எக்ஸில் நிறுத்திக்கொள்கிறேன். முழு டிஸ்க்குக்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கணினியைத் தொடாமல் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

நன்றாக ஓடி, கடைசிக் கால் மணி நேரத்தில் உறைகிறது

டிவிடியில் பதிவு நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கிப் போகிறது. கடைசிக் காட்சிகள் இருப்பது விளிம்பில். சாயப் பூச்சு மோசமாக இருக்கும் இடமும், நம் விரல் ரேகை படியும் இடமும் அதுவே. மலிவு டிஸ்க்குகளின் குணம் இங்கேதான் வெளிப்படும்.

எனவே 4.38 ஜிபி இருக்கிறதே என்று விளிம்புவரை நிரப்பாதீர்கள். 4.2 ஜிபியில் நிறுத்துங்கள். டிஸ்க்கின் மேல் மணமக்கள் படம் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் நடு விலகி ஒட்டினாலும் சுழற்சியில் டிஸ்க் ஆடும், ஆட்டம் விளிம்பில்தான் அதிகம்.

உறைவது விளிம்பில் மட்டுமல்ல, இங்கொன்றும் அங்கொன்றுமாக, அதுவும் பரபரப்பான காட்சிகளில் என்றால் பிட்ரேட், அதாவது நொடிக்குப் படிக்க வேண்டிய தரவின் அளவு, மிகுதி. டிவிடி விதி வீடியோவுக்கு நொடிக்கு 9.8 மெகாபிட்வரை அனுமதிக்கிறது. அது அச்சடித்த டிஸ்க்குக்குப் பொருந்தும். வீட்டில் பதிந்த டிஸ்க்கில் பழைய பிளேயர் அந்த வேகத்தில் படிக்கத் திணறும். உச்ச வரம்பை 8-க்குள் வையுங்கள்.

அட்சதை போடும்போது படம் சதுரம் சதுரமாக உடைகிறது

மொத்த வேலையிலும் அதிகம் பாடம் கற்றுத்தந்த இடம் எனக்கு இதுதான். மூன்று மணி நேர வீடியோவில் பெண் அழைப்பு தெளிவு, மாலை மாற்றுவது தெளிவு. தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம் மட்டும் திரை முழுக்கச் சதுரக் கட்டங்கள். வீட்டார் பார்க்க விரும்புவதே அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

எம்பெக் முறை முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சம் பிடிக்கிறது. மணமக்கள் உட்கார்ந்திருக்கும்போது மாறுவது கொஞ்சம். அட்சதை பறக்கும்போது திரையின் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அதையெல்லாம் குறிக்க இடம் போதாதபோது கட்டங்களாகத் தோராயமாக வரைந்துவிடுகிறது.

கணக்கு எளிது. ஓர் அடுக்கு டிஸ்க்கில் மொத்தம் சுமார் 37,600 மெகாபிட் கொள்ளும். அதை வீடியோவின் நொடிகளால் வகுங்கள். 1 மணி நேரத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேல் வரும், அதாவது தேவைக்கு மேல். 2 மணி நேரத்துக்கு 5.2, நல்ல நிலை. 3 மணி நேரத்துக்கு 3.5-க்குக் கீழே போய்விடுகிறது. இதில் ஒலிக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அங்கேதான் யாரும் பார்க்காத ஒரு ஓட்டை இருக்கிறது. ஒலி 'பிசிஎம்' என்ற சுருக்கப்படாத வடிவில் இருந்தால் தனியாக 1.5 மெகாபிட்டை விழுங்கும். அதை ஏசி-3 என்ற சுருக்கிய வடிவில் 192 கிலோபிட்டாக மாற்றினால், படத்தின் தரத்தைத் தொடாமலேயே 1.3 மெகாபிட் படத்துக்குக் கிடைத்துவிடும். நாதஸ்வரத்துக்கு இது குறைவில்லையா என்றால், கல்யாண மண்டபத்தில் கேமராவின் மைக் பிடித்த ஒலிக்கு அதுவே தாராளம்.

அடுத்ததாக, 'இருமுறை' மாற்றும் தேர்வைப் போடுங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்து வைத்துக்கொள்ளும், இரண்டாம் சுற்றில் அங்கே அதிகமாகச் செலவிடும். இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம்.

மூலம் விஎச்எஸ் கேசட்டாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. டிவிடி விதி 352×576 அளவையும் ஏற்கிறது. விஎச்எஸ் கேசட் கிடைமட்டத்தில் தருவது ஏறக்குறைய 240 வரித் தெளிவுதான். அதை 720 புள்ளிகளில் பரப்பிவைத்து பிட்டுகளை வீணடிப்பதைவிட 352-இல் அடர்த்தியாக வைப்பது நல்லது. என் டிஸ்க் இப்படித்தான் பிழைத்தது. எட்டாவது முயற்சியில் அட்சதை அட்சதையாகவே விழுந்தது.

இரட்டை அடுக்கு டிஸ்க் வாங்கலாமே என்றால், வாங்கலாம். 8.5 ஜிபி கொள்ளும். விலை அதிகம், பழைய பிளேயர்கள் இரண்டாம் அடுக்குக்குத் தாவும் இடத்தில் சிக்கும். இரண்டு சாதாரண டிஸ்க்காகப் பிரித்து, ஒன்றில் முதல் நாள் வரவேற்பும் மற்றொன்றில் முகூர்த்தமும் என்று கொடுப்பதையே நான் விரும்புகிறேன்.

கெட்டிமேளம் முந்துகிறது, தாலி பிந்துகிறது

ஒலியும் படமும் பொருந்தாதபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: விலகல் ஒரே அளவா, வளர்கிறதா? இதைச் சோதிக்கக் கல்யாண வீடியோவைவிட நல்ல கருவி கிடையாது. தவில்காரர் கையைப் பாருங்கள். குச்சி தோலில் படும் கணமும் ஒலியும் சேர்கின்றனவா என்று தொடக்கத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

எங்கும் ஒரே அளவு விலகினால் மென்பொருளில் ஒலியை அத்தனை மில்லிநொடி நகர்த்தினால் முடிந்தது. நேரம் ஆக ஆக விலகல் வளர்ந்தால் மூலத்திலேயே பிழை. செல்பேசியில் எடுத்த வீடியோ என்றால், வெளிச்சம் குறையும்போது செல்பேசி நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். டிவிடி மென்பொருள் அது மாறாமல் இருப்பதாக நம்பிக் கணக்குப் போடுகிறது. முதலில் ஹேண்ட்பிரேக்கில் 'மாறாத ஃபிரேம் வேகம்' என்று தேர்ந்து ஒருமுறை மாற்றிவிட்டுப் பிறகு டிவிடி மென்பொருளுக்குக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் தானே டிவிடி செய்யாது, அதிலிருந்து வருவது எம்பி4 போன்ற கோப்புதான்.

கேசட்டிலிருந்து இறக்கியது என்றால், இறக்கும் மென்பொருள் கீழே ஓரத்தில் 'விடுபட்ட ஃபிரேம்கள்' என்று ஓர் எண் காட்டும். அது பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போயிருந்தால் வேறு வைத்தியம் இல்லை, மறுபடி இறக்க வேண்டும். வைரஸ் சோதனையையும் உலாவியையும் மூடிவிட்டு இறக்குங்கள். டிவிடியின் ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டது என்பதால் இறக்கும்போதே 48-ஐத் தேர்ந்துவிடுவது நல்லது.

பந்தியில் பரிமாறுகிறவர் நடுங்குகிறார்

நிற்கிறவர்கள் தெளிவு. சாம்பார் வாளியோடு இலைக்கு இலை நகர்கிறவர் மட்டும் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வருவது போல அதிர்கிறார். பழைய கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் ஒரு பாதி என இரண்டாகப் பிரித்து எடுத்தன. எந்தப் பாதி முதலில் என்பது மாறிப்போனால் காலம் முன்னும் பின்னுமாக ஆடும். மினிடிவி (MiniDV) என்ற சிறு கேசட் கேமரா என்றால் 'கீழ்ப்பாதி முதலில்'. வரிப்பிரிப்பு முறையில் எடுத்த எச்டி கேமராக்களில் 'மேல்பாதி முதலில்'. தயாரிப்பு மென்பொருளில் அதை மாற்றி ஐந்து நிமிடத் துண்டை அழித்து எழுதும் டிவிடி ஆர்டபிள்யூவில் பதிந்து பாருங்கள். சோதனைக்கென்று அப்படி ஒரு டிஸ்க்கை வைத்திருந்தால் என்னைப் போல ஏழு டிஸ்க் அழ வேண்டாம்.

கணினித் திரையில் அசையும் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது வேறு. அது கோளாறே அல்ல, டிவியில் சரியாகத் தெரியும்.

முகங்கள் அகன்று தெரிகின்றன, தலைப்பின் ஓரம் வெட்டுப்படுகிறது

அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் உள்ள வீடியோவை அகலத்திரைக்கான 16:9 என்று குறித்துவிட்டீர்கள். தயாரிப்பு மென்பொருளில் குறியை மாற்றுங்கள். டிவியின் ரிமோட்டையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள், சில டிவிகள் எல்லாவற்றையும் இழுத்தே காட்டும். பழைய டிவிகள் நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் விழுங்கும். எழுத்துகளை விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள்.

இங்கே ஓடுகிறது, டொராண்டோவில் சித்தி வீட்டில் ஓடவில்லை

குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் ஓடவிடும் 'ரீஜன்' பூட்டின் பிரச்சினை என்று எல்லாரும் சொல்வார்கள். இல்லை. வீட்டில் பதியும் டிஸ்க்கில் நாமாகப் போட்டாலொழிய ரீஜன் பூட்டு கிடையாது. காரணம் வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் டிவிடிக்கான முறை 'பால்' (PAL), நொடிக்கு 25 படம், 576 வரி. கனடாவிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி, நொடிக்கு 29.97 படம், 480 வரி. நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அங்கத்திய பிளேயர்களில் பல பாலை ஏற்காது. ஒலி மட்டும் இல்லை என்றாலும் இதையே பாருங்கள். எம்பி2 ஒலியை என்டிஎஸ்சி பிளேயர்கள் ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஏசி-3 எங்கும் ஓடும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப என்டிஎஸ்சியில் தனியாக ஒன்று செய்யுங்கள். முடிந்த பால் டிவிடியிலிருந்து மாற்றாமல், முதலில் கணினிக்கு இறக்கிய கோப்பிலிருந்தே செய்யுங்கள். நகலின் நகல் மங்கும். செல்பேசி வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 படம் என்பதால், அவற்றை உள்ளூருக்கும் என்டிஎஸ்சியிலேயே செய்துவிடலாம், அசைவு வழுவழுப்பாக இருக்கும்.

ஆறு மாதம் ஓடியது, இப்போது படிக்கவில்லை

சாயம் வெயிலில் வெளுக்கும். டிவி மேசை ஜன்னலோரம் இருந்தால் டிஸ்க்கை அங்கே வைக்காதீர்கள். உறையில் நிமிர்த்தி வையுங்கள். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்துவிட்டு, கணினியின் டிரைவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிளேயர் படிக்காததை அது பல நேரம் படித்துவிடும். படித்தால் அன்றே பிம்பக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது பிம்பக் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். பதிந்தவுடன் 'வெரிஃபை' ஓட்டிச் சரிபார்த்த பிறகுதான் அம்மாவிடம் போகும். கீறல் விழுந்தது என்று அவர் சொன்னால் எட்டு நிமிடத்தில் இன்னொன்று தயார். இதுவரை மூன்று கொடுத்திருக்கிறேன்.